வசூலான 16,000 ரூபாயைத் தவணையில் கரைத்துவிடாதீர்கள்

கேள்வி: திருப்பூரில் மங்கலம் சாலைப் பக்கம் எட்டுக் குடித்தனம் உள்ள லைன் வீட்டில் இருக்கிறோம். பக்கத்து வீட்டு அண்ணன் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். இரண்டு மாதம் முன்பு நைட் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்துவிட்டது. இப்போது அவர் மனைவி, அந்த அக்காவின் செக்கிங் சம்பளம் மட்டும்தான். இரண்டு குழுக்கடன், ஒரு வாரத் தண்டல் இருக்கின்றன. நகையும் அடகில் இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து 16,000 ரூபாய் வசூல் செய்திருக்கிறோம். கையில் கொடுத்தால் தவணைக்கே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எப்படி உதவுவது?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. குழுக்கடன் குடும்பங்களோடு பல வருடங்களாக உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன்: பக்கத்து வீட்டார் கொடுக்கும் பணம் அரிசிக்கும் வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போக வேண்டும். கடன் விஷயத்தில் அவர்களுக்குத் தேவை, கூடவே வரும் ஆள்.

முதல் காரியம் கடனே அல்ல. அந்த அண்ணனின் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒரு வீட்டில் கடன் அட்டைகளை எல்லாம் மஞ்சப்பையிலிருந்து பாயில் கொட்டினார்கள். நடுவே ஒரு சம்பளச் சீட்டு. பின்பக்கம் பால் கணக்கு எழுதியிருந்தது. திருப்பினால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் என்று ஒரு வரி. மாதாமாதம் 0.75 சதவீதம் பிடித்திருக்கிறார்கள். காலொடிந்து கிடக்கும்போது அதிலிருந்து என்ன கிடைக்கும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எத்தனை வீடுகளில் இதைப் பார்த்துவிட்டேன்!

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. நோய் விடுப்பு என்றால், போதிய நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்கும்பட்சத்தில், சம்பளத்தில் 70 சதவீதம் என்ற கணக்கில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை பணம் வரும். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு சொல் எனக்கு முக்கியமாகப் பட்டது: 'ஷிப்ட் முடிந்து வரும் வழியில்'. வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நேரும் விபத்தையும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், வேலைக் காயமாக ஏற்க விதி இருக்கிறது. அப்படி ஏற்றுக்கொண்டால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு 90 சதவீதம். இதற்குக் கம்பெனியின் விபத்து அறிக்கை வேண்டும். இரண்டு மாதம் ஆகிவிட்டதால் நாளைக்கே சூப்பர்வைசரைப் பாருங்கள். அண்ணனால் நடக்க முடியாது, அக்கா லீவு போட்டால் சம்பளம் போய்விடும். ஆகவே உங்களில் ஒருவர் அக்காவின் கடிதத்தோடு போங்கள். சிகிச்சைச் சீட்டுகள், எக்ஸ்ரே, அன்றைய ஷிப்ட் நேரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஈ.எஸ்.ஐ. மருந்தகம், பிறகு கிளை அலுவலகம். இரண்டு மூன்று முறை அலைய வேண்டியிருக்கும். வசூல் பணத்தில் பஸ் செலவுக்கும் நகல் எடுக்கவும் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

ஈ.எஸ்.ஐ. இல்லாத இடம் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வாங்கலாம். இனி வரும் சிகிச்சைக்காவது உதவும்.

அடுத்தது குழுக்கடன். ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த நுண்கடன் விதிகளின்படி, காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்குப் போன் செய்யக்கூடாது. பணம் கட்டக் குறித்த இடத்துக்குக் கடன் வாங்கியவர் தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால்தான் வசூல்காரர் வீட்டுக்கு வரலாம். கட்ட முடியாமல் தவிப்பவர்களைக் கண்டறிந்து வழிகாட்டும் ஏற்பாடும் கடன் கொடுத்த நிறுவனத்திடம் இருக்க வேண்டும். ஆகவே ஒளிந்துகொள்ள வேண்டாம். தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். குழுவினர் கூடித் தவணை கட்டும் சென்டரில் அக்காவைத் தனியே உட்காரவிடாதீர்கள். பத்துப் பேர் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்ட வேதனை என்பது உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்தில் ஒருவர் இருந்தாலே பேசுகிறவர்களின் குரல் தணியும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். 'உன் பேரில் ஒரு லோன் எடுத்துக் கொடு, நான் கட்டிவிடுகிறேன்' என்ற பேச்சு வரும். இரக்கப்பட்டு எடுக்காதீர்கள். ஒரு வீட்டுக் கடன் ஒரே வருடத்தில் லைன் வீடு முழுக்கப் பரவுவது இப்படித்தான்.

தண்டலுக்கு வேறு வழி. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றின் பெயரில் அநியாய வட்டி வாங்குவதைத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது; 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. இதுவரை கட்டியதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். வெற்றுப் புரோநோட்டில் இனிமேல் கையெழுத்துப் போட வேண்டாம். மிரட்டினால் காவல் நிலையத்துக்குப் போகலாம்; திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்ப்புக் கூட்டத்தில் மனுவும் கொடுக்கலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாக வக்கீல் தருகிறார்கள். தொலைபேசி 15100.

நகைக்கு உங்கள் வசூல் பணம் ஒருநாள் கைமாற்றாகப் பயன்படலாம். அசலும் வட்டியும் அந்தத் தொகைக்குள் இருந்தால், காலையில் அடகுக் கடையில் மீட்டு, அன்றே கூட்டுறவுச் சங்கத்தில் வைத்தால் வட்டி குறையும். போட்ட பணமும் திரும்பும். அங்கே என்ன மதிப்பு தருவார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அக்கா சுய உதவிக் குழுவில் இருந்தால் அந்தக் குழுக்களின் கூட்டமைப்பிலும் விசாரியுங்கள். ஊராட்சிப் பகுதி என்றால் அங்கே நலிவுற்ற குடும்பங்களுக்கென்று தனி நிதி உண்டு. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989இல் தருமபுரியில் தொடங்கின.

மீதிப் பணத்தில் வாடகையை வீட்டு உரிமையாளரிடமே கட்டிவிடுங்கள், மளிகையை வாரக் கணக்கில் வாங்கிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படம் போட வேண்டாம். சொந்த ஊரில் என்றால் பங்காளியும் மாமன் மச்சானும் சத்தமில்லாமல் செய்திருப்பார்கள். பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தவர்களுக்கு அந்த உறவு நீங்கள்தான். அக்காவிடம் நெருக்கமான ஒரு பெண் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். திருப்பித் தர வேண்டுமா வேண்டாமா என்பதையும் அப்போதே தெளிவாகச் சொல்லிவிடட்டும். சொல்லாமல் விட்டால், காலையில் தண்ணீர்க் குழாயடியில் உங்கள் முகத்தைப் பார்க்கவே அவர் கூச்சப்படுவார்.