குறைந்த விலையில் வயர் இயர்போன்: பெட்டியில் இருக்கும் எண்களைப் பார்க்காமல் எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி இது: பாட்டு கேட்பதற்கு மட்டும் ஒரு இயர்போன் வேண்டும், வயர் உள்ளது, காதுக்குள் போகிற வகை, விலை அதிகம் போகக் கூடாது. பெட்டியில் போட்டிருக்கும் ஓம், ஹெர்ட்ஸ், டிரைவர் (ஒலி எழுப்பும் பாகம்) எண்ணிக்கை, இதில் எதைப் பார்த்து வாங்குவது?

அந்த மூன்றையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியவை இரண்டுதான்: அது உங்கள் காதில் ஒழுங்காக உட்காருகிறதா, அதன் ட்யூனிங் உங்களுக்குப் பிடிக்கிறதா.

விலை குறைவு என்று தயங்க வேண்டாம். வயர் இயர்போனில் பேட்டரி இல்லை, ப்ளூடூத் சிப் இல்லை, சார்ஜ் செய்யும் டப்பா இல்லை. கொடுக்கிற காசு டிரைவருக்கும் கூட்டுக்கும் வயருக்கும்தான் போகிறது. யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். காதை மூடுபவை, காதுக்குள் போகிறவை எல்லாம் அதில் உண்டு. அளவீட்டில் தெரிந்த ஒலிக்கும் விற்பனை விலைக்கும் தொடர்பு இல்லை என்பதுதான் அவர் கண்டது. விலை ஏற ஏற கூடு பளபளக்கும், வயர் மெத்தென்று இருக்கும், பெட்டி கனக்கும். பாட்டு நன்றாகக் கேட்கும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது.

சரி, காதுக்கு வருவோம். "பேஸே இல்லை, ஒரே இரைச்சலாக இருக்கிறது" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இயர்போனில் குறையே இருக்காது என்பது என் எண்ணம். டிப் (காதுக்குள் போகும் அந்த ரப்பர் முனை) சரியான அளவில் இல்லை, அவ்வளவுதான். இந்த டிரைவர்களின் சவ்வு பெரும்பாலும் 10 மி.மீ. அளவுதான். அவ்வளவு சின்ன சவ்வு வெளிக் காற்றைத் தள்ளி பேஸ் கொடுக்கவே முடியாது. காதுத் துளை முழுதாக அடைபட்டிருந்தால், உள்ளே இருக்கும் துளியூண்டு காற்றை மட்டும் தள்ளினால் போதும் என்பதால்தான் பேஸ் வருகிறது. ஓரத்தில் சின்ன இடைவெளி இருந்தாலும் முதலில் கசிந்து போவது பேஸ். மிச்சமிருக்கும் ட்ரெபிள் (உச்ச ஒலி) காதைக் குத்தும்.

சோதிப்பது எளிது. பேஸ் உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, இயர்போனை விரலால் மெதுவாக உள்நோக்கி அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் டிப் சரியாக அடைக்கவில்லை. ஒரு அளவு பெரியதை மாட்டிப் பாருங்கள். மாட்டும்போது எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, லேசாகத் திருகியபடி உள்ளே விடுங்கள். வாயைத் திறந்து மூடினாலும் அடைப்பு கலையக் கூடாது. இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் போட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பலருக்கு வலது, இடது காதுத் துளைகள் ஒரே அளவில் இருப்பதில்லை. மாட்டும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள், காற்றழுத்தத்தில் டிரைவரின் சவ்வு மடங்கி நிமிரும் சத்தம் அது.

சிலிக்கான் டிப் எதுவும் ஒத்துவரவில்லை என்றால் ஃபோம் டிப் வாங்குங்கள். விரலால் உருட்டிச் சுருக்கி உள்ளே வைத்தால் விரிந்து அடைத்துக்கொள்ளும். ட்ரெபிள் கொஞ்சம் அடங்கும், வெளிச் சத்தமும் குறையும். ஆனால் சீக்கிரம் நைந்துவிடும், அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், பட்ஜெட்டில் ஒரு சிறு பங்கைத் தனியாக டிப் வாங்குவதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அடுத்த விலைப் படியில் உள்ள இயர்போனுக்குத் தாவுவதைவிட அதில் பலன் அதிகம்.

அடுத்தது ட்யூனிங். தாழ்ந்த ஒலி முதல் உச்சம் வரை எந்தப் பகுதியை எவ்வளவு தூக்கலாகக் கொடுப்பது என்று தயாரிப்பவர் எடுக்கும் முடிவு இது. பாட்டு எப்படி ஒலிக்கும் என்பதில் பெரும்பங்கு இதற்குத்தான். ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவரோடு இருந்தவர்களும் 2012-ஐ ஒட்டி ஒரு வேலையைத் தொடங்கினார்கள். எந்த மாடல் என்று தெரியாதபடி பலரைக் கேட்கவைத்து, பெரும்பான்மையோருக்கு எந்த மாதிரி ஒலி பிடிக்கிறது என்று பார்த்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் ஹார்மன் டார்கெட் எனப்படும் வரைபடக் கோடு. இன்று குறைந்த விலையில் வரும் பல நல்ல இயர்போன்கள் அந்தக் கோட்டையோ அதற்குப் பக்கத்தில் ஒன்றையோ குறிவைத்துத்தான் செய்யப்படுகின்றன.

விமர்சனங்களில் ஒரு வரைபடம் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். இடது ஓரம் பேஸ், வலது ஓரம் ட்ரெபிள். 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு தெரியும். முதல்முறை பார்ப்பவர்கள் அதைக் குறை என்று நினைப்பார்கள். காதில் எதுவும் மாட்டாதபோது நம் காதுத் துளையே அந்தப் பகுதியை இயல்பாகத் தூக்கிக் கொடுக்கிறது; துளையை அடைத்ததும் அது போய்விடும். போனதைத் திருப்பிக் கொடுக்கத்தான் அந்த மேடு. அது ரொம்பத் தாழ்ந்திருந்தால் பாடகர் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கும். ரொம்ப உயர்ந்திருந்தால் குரல் முகத்துக்கு நேரே வந்து கத்தும். 8,000 பக்கம் ஒரு கூர்மையான முனை தெரிந்தால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அளக்கும் கருவியின் அதிர்வினால் அங்கே முனை வருவது வழக்கம். எவ்வளவு ஆழம் செருகுகிறோம் என்பதைப் பொறுத்து அது நகரும்.

வரைபடம் வேண்டாம் என்பவர்கள் நன்றாகத் தெரிந்த பாட்டை வைத்தே பார்க்கலாம். மிருதங்கம் உள்ள கச்சேரிப் பதிவு இதற்கு அருமையானது. தொப்பிப் பக்கத்தின் (இடப் பக்கம்) கும்கி ஒலி ஆழமாக இறங்க வேண்டும், ஆனால் பாடுபவரின் குரலை மூடக் கூடாது. மூடினால் பேஸ் அளவு மீறி நடுப்பகுதிக்குள் வழிகிறது என்று பொருள். வலந்தலையின் (வலப் பக்கம்) நாதம் தனியாகத் துல்லியமாகக் கேட்க வேண்டும். குரலில் 'ஸ' வரும் இடமெல்லாம் சீறினால் ட்ரெபிளில் எங்கோ முனை தூக்கலாக இருக்கிறது. அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும். இரண்டு இயர்போன்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதுதான் எப்போதும் நல்லதாகத் தோன்றும், காது அப்படித்தான் ஏமாறும்.

இப்போது பெட்டி எண்கள். "5 முதல் 40,000 ஹெர்ட்ஸ்" என்பதால் நமக்கு ஒரு பயனும் இல்லை. இளங்காதுக்கே 20,000-தான் உச்சம், வயது ஏற அதுவும் குறையும். ஹை-ரெஸ் ஆடியோ தங்க ஸ்டிக்கர் அந்த 40,000-ஐத் தொட்டதற்காகத் தருவது, அதுவும் தரச் சான்று இல்லை. ஓம் 16-லிருந்து 32-க்குள் இருந்தால் போன் எளிதாக ஓட்டும். டிரைவர் எண்ணிக்கையில் ஏமாறாதீர்கள்: மலிவான மாடலில் ஐந்தாறு டிரைவர்களைத் திணிப்பதைவிட, ஒரே ஒரு டைனமிக் டிரைவரை (சுருளும் சவ்வும் உள்ள வழக்கமான வகை) ஒழுங்காக ட்யூன் செய்தது பெரும்பாலும் மேல்.

வயர் விஷயத்தில் ஒரே ஒரு யோசனை. கழற்றி மாற்றக்கூடிய வயர் உள்ளதாகப் பாருங்கள். இயர்போன் சாவது பெரும்பாலும் ஜாக் பக்கத்தில் வயர் அறுந்துதான். 0.78 மி.மீ. 2-பின் (வயரைச் செருகும் முனையின் வகை) என்று போட்டிருந்தால் மாற்று வயர் சுலபமாகக் கிடைக்கும். அப்புறம், வயரைக் காதுக்கு மேலே சுற்றி மாட்டும் வகையில், அது சட்டையில் உரசும் சத்தம் உள்ளே அவ்வளவாக ஏறாது.

போனில் 3.5 மி.மீ. ஜாக் இருக்கிறதா? 2016-ல் ஐபோன் 7 அதைத் தூக்கியதிலிருந்து பல போன்களில் இல்லை. யூஎஸ்பி-சி டோங்கிள் (சார்ஜ் துளையில் செருகும் சின்ன மாற்றி) வாங்க வேண்டியிருந்தால் உள்ளே டிஏசி சிப் (டிஜிட்டல் தகவலை ஒலிக்கான மின்சாரமாக மாற்றுவது) இருப்பதாக வாங்குங்கள். சிப் இல்லாத வெறும் மாற்றி எல்லாப் போனிலும் வேலை செய்யாது. ஆப்பிளின் சின்ன டோங்கிள் அளவீடுகளில் நன்றாக வரும்; ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் அதில் சத்தம் குறைவாக வரும். அதற்கு மேல் தனி ஆம்ப் எல்லாம் இந்த வகைக்குத் தேவையே இல்லை.

பெயர் சொல்லுங்கள் என்றால், என் பட்டியல் சின்னதுதான். சமநிலையான, தெளிவான ஒலி வேண்டும், பேஸ் அளவாக இருந்தால் போதும் என்றால் 7ஹெர்ட்ஸ் என்ற நிறுவனத்தின் சால்நோட்ஸ் ஸீரோ. அதே விலைப் பக்கத்தில் பேஸ் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றால் அதன் அடுத்த பதிப்பான ஸீரோ 2. கூடு சின்னதாக, உலோகத்தில் வேண்டுமா, மூன்டிராப் சூ 2. ட்ரெபிள் குத்துவது ஆகாது, நீண்ட நேரம் நிதானமாகக் கேட்க வேண்டும் என்பவர்கள் டாங்ஸு வானரைப் பார்க்கலாம். இவை எல்லாமே ஒற்றை டைனமிக் டிரைவர், கழற்றும் வயர். காதுக்கு மேல் சுற்றுவது பிடிக்காது, நேராகச் செருகித் தொங்கவிட வேண்டும் என்றால் ஃபைனல் இ3000, கதகதப்பான ஒலி. ஆனால் வயரைக் கழற்ற முடியாது, சத்தத்தையும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டியிருக்கும்.

வாங்கியது முழுசாகப் பிடிக்கவில்லை என்றால் உடனே வேறொன்று தேடாதீர்கள். போனில் உள்ள ஈக்வலைசரில் பேஸை ஓரிரு டெசிபெல் ஏற்றி இறக்கிப் பாருங்கள், முக்கால்வாசிக் குறை அதிலேயே தீரும். நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி மாறும் என்பார்கள். நான் அதை நம்புவதில்லை, நம் காதுதான் பழகிக்கொள்கிறது.

சத்தம் எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் தரும் அளவு, பெரியவர்களுக்கு 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபெல் கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும். நன்றாக அடைக்கும் டிப் இருந்தால் வெளி இரைச்சல் குறையும், அதனால் சத்தத்தைக் கூட்டும் தேவையும் குறையும்.

சில மாதங்களில் ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால் இயர்போன் போய்விட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். டிப்பைக் கழற்றி, முனையில் இருக்கும் வலையில் காதழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். முனையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சிலிக்கான் டிப்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.