ஈமாக்ஸ் பேக்கேஜ்கள்: எங்கே தேடுவது, எதைச் சேர்ப்பது?

கேள்வி: குறிப்பெடுக்கவும் தமிழில் கட்டுரை எழுதவும் ஈமாக்ஸ் என்ற உரைத் திருத்தி மென்பொருளைப் பழகத் தொடங்கியிருக்கிறேன். இணையத்தில் கிடைத்த ஒருவரின் அமைப்புக் கோப்பை அப்படியே போட்டதில், திறந்தாலே பிழைச் செய்தி வருகிறது. நல்ல வழிகாட்டிகளையும், கூடுதல் வசதி தரும் பேக்கேஜ்களையும் எங்கே தேடுவது?

பதில்: முதலில் அந்தக் கோப்பை வேறு பெயரிட்டு ஒதுக்கி வையுங்கள். அதை எழுதியவரின் கைப்பழக்கமும் அவருடைய பதிப்பும் வேறு. இன்றைக்கு வெறும் ஈமாக்ஸே உங்களுக்குப் போதும்.

வழிகாட்டியைத் தேடி வெளியே போகும் முன் கண்ட்ரோல்-எச் விசையைப் பழகுங்கள். அதையடுத்து ‘டி’ அழுத்தினால் பயிற்சிப் பாடம் திறக்கும். கண்ட்ரோல்-எச், ‘கே’ அழுத்திவிட்டு எந்த விசையைத் தட்டினாலும் அதன் வேலை விளக்கப்படும். அப்படிக் கண்ட்ரோல்-கே தட்டிப் பாருங்கள்: ‘கில்-லைன்’ என்ற கட்டளையின் விளக்கமும், அது லிஸ்ப் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டிருக்கும் கோப்புக்கு ஓர் இணைப்பும் வரும். அந்தக் கோப்பையே திறந்து படிக்கலாம். இணையக் கட்டுரை எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டதோ தெரியாது. இந்த விளக்கம் உங்கள் கணினியில் ஓடும் பதிப்புக்கே உரியது. 1985 முதல் வெளிவரும் குனு ஈமாக்ஸில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

கண்ட்ரோல்-எச், ‘ஐ’ அழுத்தினால் முழுக் கையேடுகள் வரும். நிரல் எழுதிப் பழகாதவர்களுக்காக ராபர்ட் சாசெல் எழுதிய ஈமாக்ஸ் லிஸ்ப் அறிமுக நூலும் அங்கேயே இருக்கிறது. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளைப் பயன்படுத்துகிறவர்களுக்குக் கையேடு தென்படாமல் போகலாம். உரிமக் காரணத்தால் அவற்றில் அது தனிப் பேக்கேஜாக வைக்கப்பட்டிருக்கிறது, அதையும் நிறுவிக்கொள்ளுங்கள்.

பேக்கேஜ்களுக்கு ஆல்ட்-எக்ஸ் அழுத்தி ‘லிஸ்ட்-பேக்கேஜஸ்’ என்று கொடுங்கள். பெயரின் மேல் என்டர் தட்டினால் விவரம் வரும். அதற்கு எந்த ஈமாக்ஸ் பதிப்பு தேவை, வேறு எவற்றையெல்லாம் கூடவே இழுத்து வரும் என்று படித்துவிட்டு ‘ஐ’ அழுத்திக் குறியிடுங்கள். பிறகு ‘எக்ஸ்’ அழுத்தினால் நிறுவப்படும்.

பட்டியலில் வருபவை குனு எல்பா, நான்-குனு எல்பா என்ற இரு களஞ்சியங்களிலிருந்து வருகின்றன. இரண்டாவது, 28ஆம் பதிப்பிலிருந்துதான் இயல்பாகச் சேர்ந்து வருகிறது. மூன்றாவதான மெல்பாவை நீங்களே அமைப்புக் கோப்பில் சேர்க்க வேண்டும். அங்கே பேக்கேஜ் மிக அதிகம். ஆனால் ஆசிரியர் கடைசியாகச் செய்த மாற்றம்வரை உடனுக்குடன் தொகுத்துத் தருவார்கள். நேற்று ஓடியது இன்று உடையலாம். முதல் இரண்டில் கிடைப்பதை அங்கேயே எடுங்கள். கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் என்ற கருவியைப் பயன்படுத்தும் எவருக்கும் நான் தயங்காமல் சொல்லும் மேகிட் (கிட்டை ஈமாக்ஸுக்குள்ளிருந்தே இயக்க உதவும் பேக்கேஜ்), நான்-குனு எல்பாவிலேயே கிடைக்கிறது.

ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றைச் சேருங்கள். சில நாள் புழங்கியபின் அடுத்ததற்குப் போகலாம். பிழை வந்தால் ‘--டீபக்-இனிட்’ என்ற விருப்பத்துடன் ஈமாக்ஸைத் திறங்கள். எங்கே தடுக்கியது என்று காட்டும்.

உங்கள் இரு தேவைகளுக்கும் எதையும் நிறுவ வேண்டியதே இல்லை. குறிப்பெடுக்க ஆர்க் மோட் என்ற வசதி ஈமாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. தமிழுக்கு, கண்ட்ரோல்-யூவும் கண்ட்ரோல்-பின்சாய்கோடும் அடுத்தடுத்து அழுத்தி, உள்ளீட்டு முறையாக ‘தமிழ்-ஐட்ரான்ஸ்’ அல்லது ‘தமிழ்-இன்ஸ்கிரிப்ட்’ கொடுங்கள். அதன்பின் கண்ட்ரோல்-பின்சாய்கோடு மட்டும் அழுத்தி ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம்.