சுகர், பிரஷர்: வீட்டில் எப்படிச் சமாளிப்பது? கேளுங்கள், சொல்கிறேன்

ஆரம்ப சுகாதார நிலையத்தில், தொற்றா நோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மருந்து எழுதுவது டாக்டர். அந்த மருந்தோடு அன்றாடம் வாழ்வது பற்றி என்னிடம் கேளுங்கள்.

முருகன், ஒட்டன்சத்திரம்: வீட்டில் பிரஷர் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒரு அளவு காட்டுகிறது அக்கா. மெஷின் கோளாறா?

பெரும்பாலும் பார்க்கிற விதம்தான். அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, பீடி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையை மேசை மேல் நெஞ்சு மட்டத்தில் வைத்து, பட்டையை வெறும் கையில் சுற்றுங்கள். 1 நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் ஒரு வாரம் பார்த்து எழுதி, அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள். வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டர் பார்க்க வேண்டும். ஒரு தடவை கூடியதற்காக நீங்களாகவே இன்னொரு மாத்திரை போடாதீர்கள்.

செல்வி, ஆத்தூர்: சுகர் நார்மலாகிவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?

மாத்திரை வேலை செய்வதால்தான் நார்மல். எடை குறைந்து மூன்று மாதச் சராசரியும் நன்றாக இருந்தால் டாக்டரே குறைப்பார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பெயர் வேண்டாம்: அம்மாவுக்கு இன்சுலின். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை.

பெரிய மண்பானையில் ஈர மணல் நிரப்பி, நடுவில் சின்னப் பானை ஒன்றைப் புதைத்து மூடி வையுங்கள். குப்பியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அதற்குள் வைத்து, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். மணல் காயக் கூடாது. திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதுங்கள். பொதுவாக 28 நாள் வரைதான். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஃப்ரீசரில் மட்டும் வேண்டாம், உறைந்த மருந்து பயன்படாது. ஒரே இடத்தில் குத்தாமல் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். கட்டி விழுந்த இடத்தில் மருந்து சரியாக ஏறாது.

ரவி, திருச்சி: பிரஷர் இருக்கிறது. மூட்டு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன்.

தயவுசெய்து நிறுத்துங்கள். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சுகர் உள்ளவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். டாக்டரிடம் வலியைச் சொல்லுங்கள், வேறு வழி இருக்கிறது.

கண்ணன், தர்மபுரி: சோற்றை விட்டு கேழ்வரகுக் கூழுக்கு மாறினேன். சுகர் இறங்கவே இல்லை.
மீனா, மதுரை: சிறுதானியம் சுகரை ஏற்றாதே! எங்கள் தாத்தா கூழ் குடித்தே வாழ்ந்தார்.

மீனா, உங்கள் தாத்தா கூழுக்கு முன்னும் பின்னும் வயலில் எவ்வளவு உழைத்தார்? கேழ்வரகிலும் மாவுச்சத்துதான். நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் சீக்கிரம் செரித்து ரத்தத்தில் ஏறும்.
மீனா: அப்படியென்றால் அரிசியே நல்லதா?
அப்படிச் சொல்லவில்லை. கேழ்வரகில் நார்ச்சத்தும் கால்சியமும் அதிகம், நல்ல தானியம். தட்டில் பாதி காய், கால் பங்கு தானியம், கால் பங்கு பருப்பு அல்லது மீன் என்று வைத்தால் எந்தத் தானியமானாலும் அளவுக்குள் நிற்கும். கண்ணன், சாப்பிட ஆரம்பித்து 2 மணி நேரம் கழித்து மீட்டரில் பாருங்கள். ஒரு நாள் கூழ், ஒரு நாள் களி. உங்கள் உடம்பே பதில் சொல்லும்.

சங்கர்: பிரஷர் 120/80 வந்துவிட்டது, மாத்திரையை விடலாமா?

செல்விக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

லதா, ஓசூர்: மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பிறகு ஏன் சென்டருக்கு வரச் சொல்கிறீர்கள்?

மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வரும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. தன்னார்வலர் மாத்திரை தருவார், பிரஷரும் பார்ப்பார். ஆனால் கண்ணின் உள்பகுதி, சிறுநீரகம், பாத உணர்ச்சி எல்லாம் வருடம் ஒரு முறையாவது சோதிக்க வேண்டும். அதற்கு நீங்கள்தான் வர வேண்டும்.

பாலு: நாட்டு மருந்தோடு சேர்த்து மாத்திரை போடலாமா? வலிக்கும் அதே கடையில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள்.

வலி மாத்திரை பற்றி ரவிக்குச் சொன்னதைப் படியுங்கள். நாட்டு மருந்தில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாமல் நான் சொல்ல முடியாது. பாட்டிலோடு டாக்டரிடம் காட்டுங்கள். இடையில் திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் சுகர் இறங்கியிருக்கலாம், உடனே மீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.