ஒரே சொடுக்கில் நடக்கும் சண்டையில் திறமைக்கு என்ன வேலை?

எதிரியின் மீது ஒருமுறை சொடுக்கிவிட்டால் சண்டை தானாகவே நடந்துவிடும் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் போன்ற இணையப் பாத்திர விளையாட்டுகளில் திறமைக்கு ஏதேனும் வேலை இருக்கிறதா, அல்லது நேரம் அதிகம் உள்ளவர்தான் முன்னால் நிற்கிறாரா என்று ஒருவர் கேட்டார். வேலை இருக்கிறது என்பது என் பதில். ஆனால் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் திறமையைத் தேடிப் பழகியவர்கள் இங்கேயும் விரல் வேகத்திலேயே தேடுகிறார்கள். அங்கே தேடினால் பெரிதாக ஒன்றும் அகப்படாது.

ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் வெளிவந்தது. அதன் 2007 ஓகஸ்ட் மாதப் பிரதியை எடுத்து 2013 பெப்ரவரியில் ஓல்ட் ஸ்கூல் என்ற பெயரில் மீண்டும் திறந்தார்கள். இன்றும் அதன் உலகம் 0.6 செக்கனுக்கு ஒருமுறைதான் நகர்கிறது. ஆடுபவர்கள் இதை டிக் என்பார்கள். ஒரு டிக்குக்குள் நீங்கள் எவ்வளவு விரைவாகச் சொடுக்கினாலும் அடுத்த டிக் வரும்போதுதான் அது கணக்கில் எடுக்கப்படும். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்தில் வசிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய வரம் என்றே சொல்வேன். எங்கள் இணைப்பில் 200 மில்லி செக்கன் தாமதம் சாதாரணமானது. மூடுபனியும் மழையும் சேர்ந்த நாட்களில் சிக்னலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். துப்பாக்கி விளையாட்டில் இந்தத் தாமதத்தோடு இறங்கினால், எதிரியை நாம் பார்க்கும் முன்பே அவன் நம்மைச் சுட்டு முடித்திருப்பான். 600 மில்லி செக்கன் கொண்ட டிக்குக்குள்ளோ அந்த 200 அடங்கிவிடுகிறது. எனவே இலண்டனில் இருப்பவருக்கும் மலையகத்தில் இருப்பவருக்கும் விரல் அளவில் வேறுபாடு குறைகிறது. மிஞ்சுவது யார் சரியாகத் தீர்மானிக்கிறார் என்பதே.

தீர்மானம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தால் போதாது. இந்த விளையாட்டில் 2005 முதல் இருக்கும் ஃபைட் கேவ்ஸ் என்ற குகையை எடுத்துக்கொள்வோம். அங்கே அலை அலையாக எதிரிகள் வருவார்கள். 63ஆவது அலையில் ஜாட் என்ற இறுதி எதிரி தனியாக வருவான். அவன் ஒரே அடியில் 97 உயிர்ப்புள்ளி வரை பறிக்கக்கூடியவன். நமக்கோ அதிகபட்சமாக இருப்பது 99. அவன் முன்னங்கால்களைத் தூக்கினால் வருவது மந்திரத் தாக்குதல். தரையில் ஓங்கி மிதித்தால் வருவது தூரத் தாக்குதல். அதைப் பார்த்து அந்த வகைத் தாக்குதலைத் தடுக்கும் பாதுகாப்புப் பிரார்த்தனைக்கு மாற வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பொத்தான்களில் ஒன்றைத் தெரிவு செய்யும் வேலை. அதற்கு ஒன்றுக்கும் மேற்பட்ட செக்கன் அவகாசமும் கிடைக்கிறது. இதைவிட எளிய இயக்கம் இருக்க முடியாது. இருந்தும் முதன்முறை அவன் முன்னால் நிற்பவர்களில் பெரும்பாலானோர் கை நடுங்கித்தான் ஆடுகிறார்கள், ஏனென்றால் ஒருமுறை பிசகினால் ஒரு மணித்தியாலத்துக்கும் மேலான உழைப்பு போய்விடும், மறுபடி முதல் அலையிலிருந்து தொடங்க வேண்டும்.

என் சித்தி மகன் ஒருவன் துப்பாக்கி விளையாட்டுகளில் எங்கள் ஊரில் எவரும் நெருங்க முடியாதவன். இந்தக் குகையைப் பற்றிச் சொன்னபோது, "இதெல்லாம் ஒரு கேமா அண்ணா?" என்று சிரித்தான். ஜாட்டின் அசைவுகளை அவன் எவ்விதச் சிரமமும் இல்லாமல் படித்தான். ஜாட்டின் உயிர் பாதியாகக் குறைந்ததும் அவனைக் குணப்படுத்த நான்கு சிறிய எதிரிகள் தோன்றுவார்கள். அவர்களை ஒவ்வொருவராக ஒருமுறை தாக்கி நம் பக்கம் இழுக்க வேண்டும், அதே நேரத்தில் ஜாட்டின் கால்களிலிருந்து கண்ணை எடுக்கவும் கூடாது. அவர்களைக் கண்டதும் தம்பி வேகமாக அவர்கள் மீது பாய்ந்தான். இரண்டாவதைத் தாக்குவதற்குள் ஜாட்டின் அடி விழுந்துவிட்டது. அவனுடைய வேகத்தில் ஒரு குறையும் இல்லை. நான்கு பேரை ஒரே மூச்சில் இழுக்க வேண்டிய அவசியமே இல்லை, ஜாட்டின் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே ஒருவரை இழுத்தால் போதும் என்ற கணக்கு அவனிடம் இல்லை. அந்தக் கணக்கைத்தான் நான் திறமை என்கிறேன். முதல் 62 அலைகளில் மருந்தைச் சிக்கனமாகக் குடித்து, கடைசிக்குத் தேவையானதை மிச்சம் வைப்பதும் அதே வகையைச் சேர்ந்தது. (ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடி தொடங்கினால் எங்கள் வீடுகளில் முதலில் பிடுங்கப்படுவது ரவுட்டர்தான் என்பதால், குகைக்குள் காலையிலேயே இறங்கிவிடுவதையும் நான் இந்தக் கணக்கில் சேர்ப்பேன், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஒப்புக்கொள்ளாமல் போகலாம்.)

இதற்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு. எல்லாம் விக்கி என்ற வழிகாட்டித் தளத்தில் எழுதியிருக்கிறது, காணொளியும் இருக்கிறது, வாசித்துவிட்டுச் செய்பவரை எப்படித் திறமைசாலி என்பது என்று கேட்கிறார்கள். இதே வகையைச் சேர்ந்த வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் விளையாட்டை இந்த வாதத்துக்குச் சான்றாகக் காட்டலாம். 2004 நவம்பரில் அது வெளியானபின், 40 பேர் சேர்ந்து செல்லும் மோல்டன் கோர் என்ற குகையின் இறுதி எதிரியான ரக்னரோஸ் முதன்முதலாக வீழ்ந்தது 2005 ஏப்ரலில். அதே விளையாட்டு 2019 ஓகஸ்ட் இறுதியில் கிளாசிக் என்று மீண்டும் திறக்கப்பட்டபோது ஒரு வாரத்துக்குள் அவனை வீழ்த்திவிட்டார்கள். சென்ற குழுவில் உச்சமான 60ஆவது நிலையை எட்டாதவர்களும் இருந்தார்கள். கிளாசிக்கில் தரப்பட்டது பிற்காலத்தில் திருத்தப்பட்ட, பாத்திரங்களுக்குச் சாதகமான பதிப்பு என்பதைக் கழித்துப் பார்த்தாலும், இடைப்பட்ட ஆண்டுகளில் திரண்ட அறிவே பெரிய காரணம் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அந்த அறிவு கையில் இருந்தும் சொதப்பிய குழுக்கள் எத்தனையோ. அங்குள்ள எதிரிகள் பலர் மீது தீ மந்திரம் பலிக்காது என்பதால், மந்திரவாதியாக ஆடுபவர் பனி அம்பு என்ற ஒரே பொத்தானையே சண்டை முழுவதும் அழுத்திக்கொண்டிருப்பார். அதிலும் எப்போது அழுத்தாமல் நிறுத்த வேண்டும் என்பது ஒன்று இருக்கிறது. கேடயம் தாங்கி முன்னால் நிற்பவர் எதிரியின் சினத்தைப் போதிய அளவு தன் பக்கம் திரட்டுவதற்கு முன், பின்னால் இருப்பவர் அளவுக்கு மீறித் தாக்கினால் எதிரி திரும்பி அவரிடம் வந்துவிடுவான், அதோடு அருகில் நிற்பவர்களும் சாவார்கள். இது எல்லா வழிகாட்டியிலும் எழுதப்பட்டிருக்கிறது, ஆயினும் 40 பேரில் நால்வராவது நிறுத்துவதில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கும் முறையையும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்தான். அதே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரைகளில் நின்ற இருவரில் ஒருவருக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம் விழுகிறது, மற்றவருக்கு அரைப் பேர்தான் விழுகிறது.

திறமைக்கு வேலையே இல்லாத பகுதிகளும் இந்த விளையாட்டுகளில் ஏராளமாக இருக்கின்றன, அதை மறைப்பதில் பயனில்லை. ஓல்ட் ஸ்கூலில் ஒரு துறையில் 99ஆவது நிலையை எட்ட 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும். 92ஆவது நிலையில் நிற்பவர் அதில் சரிபாதியைத்தான் கடந்திருப்பார். மரம் வெட்டுதலில் ஒருவர் 99 என்றால், அவர் நீண்ட காலம் மரத்தடியில் நின்றார் என்பதற்கு மேல் எனக்கு அதில் ஒன்றும் தெரிவதில்லை. வீழ்த்திய எதிரியிடமிருந்து அரிய பொருள் விழுவதும் அதிர்ஷ்டம். காசு கொடுத்து வலிமையை வாங்கச் சொல்லும் கைத்தொலைபேசி விளையாட்டுகளை நான் இந்தப் பேச்சிலேயே சேர்ப்பதில்லை. கேள்வி கேட்டவர் பார்த்தது இந்தப் பகுதிகளாக இருந்தால் அவருடைய ஐயம் நியாயமானதே.

எளிமை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஈவ் ஒன்லைன் என்ற விண்வெளி விளையாட்டுதான் கடைசி எல்லை. அதில் பாத்திரத்தின் பயிற்சிகள் நாம் விளையாட்டை மூடிவிட்டுத் தூங்கும்போதும் ஏறிக்கொண்டிருக்கும். பெரும் போர்களில் சாதாரண விமானி செய்வது தளபதி சொன்ன இலக்கைப் பூட்டி ஒரு பொத்தானை அழுத்துவது மட்டுமே. 2014 ஜனவரி 27, 28ஆம் திகதிகளில் பி-ஆர்5ஆர்பி என்ற விண்வெளித் தொகுதியில் ஏறத்தாழ 21 மணித்தியாலம் நடந்த போரில், சேவையகம் தாங்குவதற்காக விளையாட்டின் காலமே இயல்பான வேகத்தின் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. விரல் வேகத்துக்கு அங்கே எந்த மதிப்பும் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் டைட்டன் எனப்படும் மிகப் பெரிய கப்பல்களில் 75 அழிந்தன. ஒரு பக்கத்துக்கு நேர்ந்த இழப்பு மறுபக்கத்தைவிடப் பன்மடங்கு. எந்த டைட்டனை முதலில் குறிவைப்பது, எந்த நேரத்தில் மேலும் கப்பல்களை இறக்குவது, எப்போது பின்வாங்குவது என்று இரு தரப்புத் தளபதிகளும் எடுத்த முடிவுகளைக் கணக்கில் எடுக்காமல் அந்த வேறுபாட்டை விளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.