மடியில் வைத்துக் கொஞ்சத்தானே, இதில் என்ன இருக்கிறது?

கேள்வி: டாக்டர், வீடு சின்னது, நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். அதனால் பெரிய நாய் வேண்டாம், பொமரேனியனோ ஷிட்ஸுவோ வாங்கலாம் என்றிருக்கிறோம். சின்ன நாய்க்குப் பராமரிப்பும் கம்மிதானே?

பதில்: கம்மியாவது சாப்பாட்டுச் செலவு மட்டும்தான். நீங்கள் வீட்டில் இடம் இருக்கிறதா என்று யோசிக்கிறீர்கள், நான் ஆள் இருக்கிறார்களா என்று கேட்பேன். மடி நாய்கள் என்கிறோமே, அந்த இனங்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து எடுத்ததே மனிதர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கத்தான். நீங்கள் குளியலறைக்குப் போனாலும் கதவுக்கு வெளியே வந்து உட்காருகிற ஜாதி. அதைக் காலை ஒன்பது மணிக்கு உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ராத்திரி ஏழு மணிக்கு வந்து திறந்தால், முதலில் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில்தான் பதில் தெரியும். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒன்றுக்கு அடக்கவும் முடியாது. முதல் சில வாரமாவது ஒருவர் விடுப்பு எடுக்க முடியுமா, அப்புறம் பகலில் எட்டிப் பார்க்க யாராவது உண்டா? இல்லையென்றால் தள்ளிப்போடுங்கள். 12 முதல் 15 வருடம் கூட இருக்கப்போகிற ஜீவன், ஆறு மாதம் தாமதமாக வந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கேள்வி: ‘டீகப்’ இனம் என்று 35 நாள் குட்டி ஒன்றைக் காட்டுகிறார்கள். உள்ளங்கையில் அடங்குகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். டீகப் என்று ஓர் இனமே கிடையாது, அது விற்கிறவர்கள் வைத்த பெயர். ஒரே ஈற்றில் பிறந்ததில் நோஞ்சானாக இருப்பதையோ, அரைவயிறு கஞ்சியாக வளர்த்ததையோ அந்தப் பெயரில் தள்ளிவிடுவது உண்டு. உங்கள் விஷயத்தில் அதுகூட வேண்டாம், 35 நாள் குட்டி உள்ளங்கையில் அடங்காமல் பின்னே எப்படி இருக்கும்? குறைந்தது எட்டு வாரம் தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்க வேண்டும், மிகச் சின்ன இனங்கள் பத்துப் பன்னிரண்டு வாரம் இருந்தால் இன்னும் நல்லது. விளையாட்டில் கடிக்கும்போது எவ்வளவு அழுத்தலாம் என்பதை அது கற்றுக்கொள்ளும் பள்ளிக்கூடம் அதுதான். தாய் நாயை நேரில் பார்க்காமல் எந்தக் குட்டியையும் எடுக்காதீர்கள். ‘தாய் வேறு இடத்தில் இருக்கிறது’ என்றால் நீங்களும் வேறு இடம் பாருங்கள். குட்டியைத் தூக்கி வாலுக்கு அடியில் ஈரமோ அழுக்கோ இருக்கிறதா பாருங்கள், கண்ணில் பீளை, மூக்கில் சளி, உடம்பு ஒட்டிப்போய் வயிறு மட்டும் உப்பி இருப்பது (புழுவாக இருக்கலாம்), இதெல்லாம் வெட்கப்படாமல் சோதிக்க வேண்டியவை.

கேள்வி: வாங்கிய மூன்றாம் நாள் காலையில் எங்கள் குட்டி துவண்டு கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் போய்விட்டது. ரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டது என்றார்கள். குழந்தைகள் இன்னொன்று கேட்கிறார்கள். நாய்க்குக்கூட இப்படி வருமா?

பதில்: வரும், சின்ன இனக் குட்டிகளுக்குத்தான் அதிகம் வரும். ஒரு கிலோகூடத் தேறாத உடம்பு. ஈரலில் சேமிப்பு கொஞ்சம், கொழுப்போ இல்லவே இல்லை எனலாம், மூளைக்கோ நிமிடத்துக்கு நிமிடம் சர்க்கரை வேண்டும். பயணம், புது வீடு, தாயைத் தேடும் ஏக்கம், போதாக்குறைக்குச் சாப்பாட்டையும் மாற்றிவிட்டால் அது தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும். நாமும் ‘பழகட்டும்’ என்று விட்டுவிடுவோம். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு வாய், விடிந்து ஏழு மணி வரை ஒன்றுமில்லை. இந்த இடைவெளியே போதும். ஒருமுறை இப்படித்தான் ஒரு குட்டியைத் துண்டில் சுற்றி என் மேசைக்குக் கொண்டுவந்தார்கள், தலை ஒரு பக்கம் தொங்குகிறது, ஈறு வெளுத்திருக்கிறது, காது நுனி ஜில்லென்று இருக்கிறது. குளுக்கோஸை ஈறில் தடவி, நரம்பிலும் ஏற்றி, கதகதப்பாக வைத்தோம். அரை மணி நேரத்தில் எழுந்து என் ஸ்டெதஸ்கோப் குழாயைக் கடித்தது. சீக்கிரம் வந்ததால் பிழைத்தது, அவ்வளவுதான்.

அடுத்த குட்டிக்கு மூன்று நான்கு மாத வயது வரை ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், கடைசித் தடவை நீங்கள் படுக்கும் முன். முதல் வாரம் வாங்கிய இடத்தில் சாப்பிட்ட அதே உணவு, பிறகு கலந்து கலந்து மாற்றலாம். தள்ளாடினாலோ, நடுங்கினாலோ, கூப்பிட்டால் வெறித்துப் பார்த்தாலோ தேனை விரலில் தொட்டு ஈறில் தேய்த்துவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். மயங்கிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். இன்னொன்று, சர்க்கரை குறைந்ததற்குப் பின்னால் பார்வோ வைரஸ் (வாந்தியும் ரத்தக் கழிச்சலும் தந்து குட்டிகளைக் கொல்லும் தொற்று) இருந்ததா என்று அந்த மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இருந்திருந்தால் அது வீட்டிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்குச் சாகாது. பிளீச்சிங் கரைசல் போட்டுத் துடைக்க வேண்டும், தடுப்பூசி போடாத குட்டியை அங்கே கொண்டுவரவே கூடாது.

கேள்வி: வீட்டில் நான்கு வயதுப் பையன் இருக்கிறான். சின்ன நாய்தான் அவனுக்குப் பாதுகாப்பு என்கிறார் மாமியார்.

பதில்: பையனுக்குச் சரி, நாய்க்கு? இந்தக் குட்டிகளின் முன்கால் எலும்பு எக்ஸ்ரேயில் பென்சிலைவிட ஒல்லியாகத் தெரியும். சோபாவிலிருந்து குதித்தும், குழந்தை கையிலிருந்து நழுவியும் முறிந்து வருகிற கால்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மணிக்கட்டுக்கு மேலே முறிந்தால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் கூடுவதும் தாமதம். பையனுக்கு ஒரே ஒரு சட்டம் போடுங்கள், குட்டியைத் தூக்கக் கூடாது, தரையில் உட்கார்ந்தால் அதுவாக மடிக்கு வரும். வழுவழுப்பான தரையில் ஒரு விரிப்பு. கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்போடு கட்டும் ஹார்னஸ், ஏனென்றால் இவற்றில் பலவற்றுக்கு மூச்சுக்குழாய் வலுவில்லாதது, பட்டையைப் பிடித்து இழுத்தால் வாத்து கத்துவது போல இருமும்.

கேள்வி: பக் (Pug) இனக் குட்டி குறட்டை விடுவது அவ்வளவு அழகாக இருக்கிறதே!

பதில்: அது மூச்சுக்குப் படும் பாடு. நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்றும், மூக்கே சப்பையாக இருந்தால் அது எப்படி நடக்கும்? நாசித் துளை நன்றாகத் திறந்திருக்கிற குட்டியாகப் பாருங்கள். வெயிலில் நடக்கவிடாதீர்கள், எடை ஏறவிடாதீர்கள்.

கேள்வி: ஊசி முழுவதும் போட்டு முடியும் வரை குட்டியை வெளியே காட்டவே கூடாதா?

பதில்: தரையில் விடக்கூடாது, அவ்வளவுதான். தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை தவணை தவணையாகப் போகும். ஆனால் ஊருலகத்தைப் பார்த்துப் பயம் தெளிகிற வயதும் அதேதான், ஏறக்குறைய மூன்று முதல் 14 வாரம். கையில் தூக்கிக்கொண்டு போய் வண்டிச் சத்தம், குடை, தொப்பி போட்ட ஆள், சைக்கிள் எல்லாம் காட்டுங்கள். அறைக்குள்ளேயே வளர்ந்ததுதான் பிற்பாடு அழைப்பு மணி அடித்தால் அரை மணி நேரம் குரைக்கும்.

கேள்வி: வெயிலுக்கு இதமாகப் பொமரேனியனுக்கு மொட்டை அடித்துவிடலாமா?

பதில்: கூடாது. இரண்டு அடுக்கு முடி அது, ஒட்ட வழித்துவிட்டால் சில நாய்களுக்குத் திட்டுத் திட்டாகத்தான் திரும்ப முளைக்கும், சிலவற்றுக்கு முளைக்கவே முளைக்காது. தினமும் சீப்பு போடுங்கள், வழிப்பவரிடம் கத்திரி மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு அவர் மெஷினை எடுத்துவிடாதபடி பக்கத்திலேயே நில்லுங்கள்.