ஈறு ஆறாமல் சர்க்கரை இறங்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 57 வயது. முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்தில் பீடி சுற்றுகிறார். பல வருடமாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. மாத்திரையை ஒரு நாளும் விடுவதில்லை. ஆனாலும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.8-ஐ விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது, வாயில் வாடை, கீழ் முன்பற்கள் ஆடுகின்றன. வெற்றிலையோடு புகையிலையும் போடுவார். பல் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "சுத்தம் பண்ணா இருக்கிற பல்லும் கொட்டிரும்லா" என்கிறார். ஈறுக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு, நெருங்கிய சம்பந்தம். உங்கள் அம்மாவுக்கு மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால் வாயைத் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்பேன்.

கைவிளக்கு வெளிச்சத்தில் அவருடைய கீழ் முன்பற்களின் உள்பக்கம், நாக்கு படும் இடத்தைப் பாருங்கள். மஞ்சளாகவோ கறுப்பாகவோ கல் மாதிரி ஒட்டியிருந்தால் அதுதான் காரை. நாக்குக்கு அடியில் உமிழ்நீர் சுரந்து வருகிற இடம் என்பதால் அங்கேதான் முதலில் படியும். பிரஷ் அதை அசைக்காது. காரையின் மேல் கிருமிகள் தங்கி ஈறை வீங்க வைக்கும். கவனிக்காமல் விட்டால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பல் ஆடுவதற்குக் காரணம் இந்த எலும்புத் தேய்மானம்.

வீங்கிய ஈறு முழுக்க ஒரு திறந்த புண். நோய் முற்றியவர்களுக்குப் பற்களைச் சுற்றியுள்ள புண்ணையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பல சதுர சென்டிமீட்டர் வரும். கையில் அவ்வளவு பெரிய புண் இருந்தால் கட்டுப் போடாமல் விடுவோமா? அந்த அழற்சியில் உருவாகும் பொருட்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை, சர்க்கரை ஏறுகிறது. ஏறிய சர்க்கரையோ ஈறை ஆற விடாது. இப்படி ஒன்றை ஒன்று வளர்த்துக்கொண்டே போகும்.

ஈறுக்கு முறையாகச் சிகிச்சை எடுத்த சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.4 அளவு குறைந்ததாக பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2022-இல் வந்த காக்ரேன் அமைப்பின் தொகுப்பு சொல்கிறது. எண் சின்னதாகத் தெரியலாம். மருந்தைக் கூட்டாமல் கிடைக்கிற இறக்கம் என்பதால் நான் அதைப் பெரிதாகவே எண்ணுகிறேன். மாத்திரை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு எதையும் இதற்காக விட்டுவிடக் கூடாது. ஈறு நோய் உள்ளவர்களிடம் மாரடைப்பும் அதிகம் காணப்படுகிறது. ஆனால் ஈறைச் சரிசெய்தால் மாரடைப்பு வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

அம்மாவின் பயம் நம்மூரில் பல பேருக்கு இருக்கிறது. எலும்பு தேய்ந்த பல்லைக் காரை தாங்கிப் பிடித்திருப்பது போலத் தோன்றும். அதை எடுத்ததும் பல் ஆடுவது கூடுதலாகத் தெரியும், இடைவெளியும் தெரியும். சிலருக்குச் சில வாரம் கூச்சமும் இருக்கும். பல்லை ஆட வைத்தது நோய், சுத்தம் செய்தது இல்லை. இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். கரைந்த எலும்பு பழையபடி வளர்வது கடினம்தான், ஆனால் மேற்கொண்டு கரையாமல் நிறுத்தலாம்.

ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தில் தேய்க்காமல் விடுவதுதான் பெரிய தவறு. மெல்லிய நார் பிரஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். செங்கல் பொடி, கரி, உப்பு எதுவும் வேண்டாம், ஃப்ளோரைடு பேஸ்ட் போதும். ராத்திரி பீடித்தட்டை எடுத்து வைத்த பிறகு ஒரு தடவை கட்டாயம். பீடித்தூள் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எதையும் வாயில் வைக்க வேண்டும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். காலைச் சாப்பாடும் மாத்திரையும் முடித்துவிட்டுப் போகட்டும், மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு உட்கார வைத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். மாத்திரைச் சீட்டைக் கையில் வைத்திருங்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும், அதை டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டாலும், இதய வால்வில் கோளாறு இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி எடுத்துப் பாருங்கள்.

புகையிலையை நிறுத்தியே ஆக வேண்டும். அதை அடக்கி வைக்கும் கன்னத்தின் உள்பக்கத்தையும் பல் டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு வாரமாக ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படை, வாய் முழுசாகத் திறக்க முடியாமை, இதில் எது இருந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். முகம் வீங்கிக் காய்ச்சலும் அடித்தால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.