குடும்ப வன்முறை வழக்கு இருந்தால் பொலிஸில் சேரலாமா?

19 வயதில் அண்ணனை அடித்து யாழ்ப்பாணத்தில் நீதிமன்றம் ஏறியிருக்கிறீர்கள். அந்தப் பதிவை அழித்துப் பொலிஸில் சேரலாமா என்று கேட்கிறீர்கள், தம்பி. முதலில் வழக்கேட்டின் சான்றுபடுத்திய பிரதியை எடுத்துப் பாருங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி கிடைத்த பாதுகாப்புக் கட்டளை (அண்ணனைத் துன்புறுத்தக்கூடாது என்று நீதிமன்றம் இடுவது) என்றால், அது குற்றத்தீர்ப்பே அல்ல; அதிகபட்சம் 12 மாதம் நடைமுறையில் இருக்கும். அதை மீறியிருந்தால்தான் குற்றம். காயப்படுத்திய வழக்கு என்றால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவின்படி நீதவான் குற்றத்தீர்ப்பளிக்காமல் எச்சரித்து விடுவித்தாரா என்று தேடுங்கள். அந்த ஒரு வரி பொன். தண்டனையே விழுந்திருந்தால், மேன்முறையீட்டுக்குரிய 14 நாள் எப்போதோ போயிருக்கும். பெரும்பாலும் மிஞ்சுவது ஜனாதிபதி மன்னிப்பு; அது நீண்ட வழி. விண்ணப்பத்தில் மட்டும் மறைக்காதீர்கள். பொலிஸார் ஊரில் விசாரித்தால், உங்கள் ஒழுங்கையில் யாருக்குத்தான் அந்தச் சண்டை தெரியாது?